பழைய விதிக்குள் புதிய விதி

2013 மார்ச் 11-ஆம் தேதி இரவு பிட்காயினின் கணக்குப் புத்தகம் இரண்டாகக் கிழிந்தது. யாரும் சண்டை போடவில்லை. விதியை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. 225,430 என்ற எண்ணுடைய ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, வந்தது, அவ்வளவுதான். வலையமைப்பின் ஒரு பகுதிக் கணினிகள் அதைச் செல்லும் என்று ஏற்று, அதன் மேல் அடுத்த பிளாக்கை அடுக்கின. மற்றொரு பகுதி அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முந்தைய பிளாக்கிலிருந்து தனியே ஒரு சங்கிலியைக் கட்டத் தொடங்கியது. இரண்டு தரப்பும் தம்முடையதே உண்மையான பிட்காயின் என்று நம்பின.

காரணத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஓர் அற்பமான எண். சில வாரங்களுக்கு முன்புதான் பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு வெளியாகியிருந்தது. அதுவரை தரவுகளைச் சேமித்துவந்த பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தை விட்டுவிட்டு, வேகமான லெவல் டிபிக்கு அந்தப் பதிப்பு மாறியிருந்தது. பழைய தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பூட்டுகளைத்தான் போடலாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது: 10,000. பிளாக்கில் பரிவர்த்தனைகள் மிகுந்துபோனால் அந்த வரம்பு உடையும், உடைந்தால் 0.7 பதிப்பு அந்த பிளாக்கையே நிராகரித்துவிடும். இப்படி ஒரு விதி இருப்பது அதை எழுதியவர்களுக்கே தெரியாது. எந்த ஆவணத்திலும் அது இல்லை. ஆனாலும் அது விதிதான். கணினிகள் ஆவணத்தைப் படிப்பதில்லை, மென்பொருளை இயக்குகின்றன.

அன்று இரவு அரட்டை அறையில் கூடிய மென்பொருளாளர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தாம் செல்லும் என்று ஏற்கும் சங்கிலிகளில் நீளமானதையே கணினிகள் பின்பற்றும். புதிய பதிப்பின் சங்கிலிதான் நீளமாக இருந்தது. பிளாக்குகளை உருவாக்கும் கணிப்புத் திறனில் பெரும்பகுதியும் அதன் பக்கமே. ஆகவே எல்லாரையும் 0.8-க்கு மாறச் சொல்லியிருக்கலாம். அவர்கள் நேர்மாறாக முடிவெடுத்தார்கள். பிளாக்குகளைத் 'தோண்டி' உருவாக்கிப் பரிசு பெறும் மைனர்களைப் பழைய 0.7-க்குத் திரும்பச் சொன்னார்கள். பிடிசி கில்ட் என்ற பெரிய மைனிங் குழு, தான் அதுவரை சம்பாதித்த பிளாக்குகள் வீணாகும் என்று தெரிந்தே பழைய பதிப்புக்கு மாறியது. சில மணி நேரத்தில் பழைய சங்கிலி நீளத்தில் முந்தியது. புதிய சங்கிலியின் 24 பிளாக்குகள் குப்பைக்குப் போயின. அப்போது பிளாக் ஒன்றுக்குப் பரிசு 25 பிட்காயின். இடைப்பட்ட நேரத்தில் ஒருவர் ஒரே காசை இரண்டு முறை செலவழித்ததும் நடந்தது. ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தில் ஏறக்குறைய 10,000 டாலர் வரவாகி, பிறகு வராததாகிவிட்டது.

பெரும்பான்மையை விட்டுவிட்டு ஏன் சிறுபான்மைப் பக்கம் போனார்கள்? விடை எளிது. 0.7 ஏற்கும் எந்த பிளாக்கையும் 0.8 ஏற்கும். 0.8 ஏற்கும் எல்லாவற்றையும் 0.7 ஏற்காது. கண்டிப்பான தரப்பின் சங்கிலி நீண்டுவிட்டால், தாராளமான தரப்பு யாரும் சொல்லாமலே தானாக அதற்கு வந்து சேரும். தாராளமான சங்கிலி எவ்வளவுதான் நீண்டாலும் கண்டிப்பான தரப்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆபத்து நேரத்தில் கைகொடுத்த இந்தச் சமச்சீரின்மைதான், தலைவரும் தலைமையகமும் இல்லாத ஒரு வலையமைப்பின் விதிகளைச் சங்கிலி உடையாமல் மாற்றும் கலைக்கு அடித்தளம்.

ஒரு விருந்துப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். சைவமும் அசைவமும் சாப்பிடுகிறவர்கள் நிரம்பிய பந்தியில், பரிமாறுகிறவர்கள் இனி சைவம் மட்டுமே பரிமாறுவது என்று முடிவெடுத்தால் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. இலையில் விழும் எல்லாமே எல்லாருக்கும் ஆகும். விதி மாறியதையே சிலர் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சைவப் பந்தியில் மீன் குழம்பு வந்தால் கதை வேறு. ஒரு பகுதியினர் எழுந்துவிடுவார்கள், தனிப் பந்தி போடவேண்டியிருக்கும். முன்னதுக்கு சாஃப்ட் ஃபோர்க் என்று பெயர்: அனுமதிக்கப்பட்டிருந்ததில் ஒரு பகுதியைத் தடை செய்வது. பின்னது ஹார்ட் ஃபோர்க்: தடை செய்யப்பட்டிருந்ததை அனுமதிப்பது. முதல் வகையில் பரிமாறுகிறவர்கள், அதாவது மைனர்களில் பெரும்பான்மையினர், மாறினால் போதும். இரண்டாவதில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் மாறியாக வேண்டும்.

பிட்காயினின் தொடக்க ஆண்டுகளில் இதற்கெல்லாம் பெயர்கூடக் கிடையாது. 2010 ஆகஸ்ட் 15 அன்று, 74,638-ஆவது பிளாக்கில் 18,400 கோடிக்கும் அதிகமான பிட்காயின்கள் திடீரென்று முளைத்தன. மொத்தமே 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று வகுக்கப்பட்ட பணம் அது. கூட்டலில் எண் வரம்பு மீறிச் சுழன்றுவிடும் பிழையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருளை வெளியிட்டார். அத்தகைய பரிவர்த்தனை இனி செல்லாது என்பதே திருத்தம். விதி இறுகியது, நல்ல சங்கிலி 74,691-ஆவது பிளாக்கில் கெட்டதை முந்தியது. அதே ஆண்டில் பிளாக்கின் அளவு 1 மெகாபைட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பையும் அவர் சத்தமில்லாமல் சேர்த்தார். அதுவும் இறுக்கம்தான், ஆகவே யாருக்கும் வலிக்கவில்லை. அந்த வரம்பைத் தளர்த்துவது எவ்வளவு கடினம் என்பது ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

தடைகளை மட்டுமே போட முடியும் என்றால் புதிய வசதிகளை எப்படிச் சேர்ப்பது? விதியை இறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாதே என்று தோன்றலாம். இந்த இடத்தில்தான் பிட்காயின் பொறியாளர்களின் குறும்பு வெளிப்படுகிறது.

பிட்காயினில் ஒவ்வொரு தொகையும் ஒரு நிபந்தனையோடு பூட்டப்பட்டிருக்கும். 'இந்தச் சாவிக்குரியவரின் கையொப்பம் இருந்தால் செலவழிக்கலாம்' என்பது வழக்கமான நிபந்தனை. இரண்டு பேர் சேர்ந்து கையொப்பமிட வேண்டும், மூன்றில் இருவர் போதும் என்றெல்லாமும் வைக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட நீண்ட நிபந்தனையைப் பணம் அனுப்புகிறவர் சுமக்க வேண்டியிருந்தது. 2012-இல் பிட்காயின் மென்பொருளாளர் கேவின் ஆண்ட்ரீசன் முன்வைத்த திட்டம் அதற்கு ஒரு சுருக்குவழி கண்டது. நிபந்தனைக்குப் பதிலாக அதன் ஹாஷ் மட்டும், அதாவது 20 பைட் கைரேகை மட்டும், பூட்டில் இருக்கும். செலவழிக்கும்போது உரியவர் முழு நிபந்தனையையும் காட்டி, அதை நிறைவேற்றவும் வேண்டும்.

பழைய கணினிக்கு இது எப்படித் தெரியும்? 'இந்தக் கைரேகைக்குப் பொருந்தும் ஏதோ ஒரு தரவைக் காட்டினால் செலவழிக்கலாம்' என்ற எளிய புதிராக மட்டுமே தெரியும். தரவு பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தினால் சரி என்று தலையாட்டிவிடும். புதிய கணினி அதோடு நிற்காது. அந்தத் தரவையே ஒரு நிபந்தனையாகப் படித்து, அதற்கு வேண்டிய கையொப்பங்களையும் சரிபார்க்கும். பழையது ஏற்றவற்றில் ஒரு பகுதியைப் புதியது மறுக்கிறது. பழையது மறுத்த எதையும் புதியது ஏற்பதில்லை. இறுக்கம் மட்டுமே நடந்திருக்கிறது. ஆனால் அந்த இறுக்கத்துக்குள் ஒரு புத்தம்புதிய வசதி குடியேறிவிட்டது. 3 என்ற எண்ணில் தொடங்கும் பிட்காயின் முகவரிகள் இப்படி வந்தவைதான். அந்தத் திட்டம் 2012 ஏப்ரல் 1 அன்று அமலானது. முட்டாள்கள் தினத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ.

இதில் ஒரு நடுக்கமும் இருக்கிறது. புதிய விதியை அறியாத கணினியின் கண்ணுக்கு அந்தப் பணம் கிட்டத்தட்டக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதைக் காப்பது கணிதப் பூட்டு மட்டுமல்ல, புதிய விதியைப் பெரும்பான்மையோர் அமல்படுத்துகிறார்கள் என்ற நடைமுறையும்தான். பெரும்பான்மை கிடைக்கும் முன்னரே விதியைத் தொடங்கினால் திருட்டுக்குக் கதவு திறந்ததாகும், சங்கிலியும் பிரியலாம். ஆகவே பொறியாளர்களின் கவலை மெல்ல இடம்பெயர்ந்தது. புதிய விதியை எப்படி எழுதுவது என்பது ஒரு மாதிரி கைவந்துவிட்டது. எப்போது தொடங்குவது, அதை யார் சொல்வது என்பது கைவரவில்லை.

மைனர்களையே எண்ணிப்பார்ப்பது என்று முடிவானது. தயாராகிவிட்ட மைனர் தன் பிளாக்கின் பதிப்பு எண்ணை உயர்த்தி வெளியிடுவார். கடைசி 1,000 பிளாக்குகளில் 750 புதிய எண்ணைத் தாங்கியிருந்தால் புதிய பிளாக்குகளுக்கு விதி பொருந்தும். 950 ஆகிவிட்டால் பழைய எண் தாங்கிய பிளாக்குகள் இனிச் செல்லாது. தேர்தல் ஆணையம் இல்லாமல் சங்கிலியே வாக்கை எண்ணி, சங்கிலியே முடிவை அறிவிக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. 2015-இல் அது சோதனைக்கு வந்தது.

பிட்காயின் மென்பொருளாளர் பீட்டர் வூலே எழுதிய திட்டம் ஒன்று, கையொப்பங்களின் எழுத்துவடிவத்தைக் கறாராக்கியது. ஜூலை 4 அன்று 950 என்ற எல்லை தொடப்பட்டு விதி அமலுக்கு வந்தது. சிறிது நேரத்திலேயே, மேம்படுத்தாத சிறிய மைனர் ஒருவர் பழைய எண்ணில் ஒரு பிளாக்கை வெளியிட்டார். அது நடக்கக்கூடியதுதான், 5 விழுக்காட்டினர் பாக்கி இருந்தார்களே. நூற்றில் 95 பேர் அதை நிராகரித்திருக்க வேண்டும். நிராகரிக்கவில்லை. அந்தச் செல்லாத பிளாக்கின் மேல் பெரிய குழுக்கள் அடுத்தடுத்து பிளாக்குகளை அடுக்கின. 6 பிளாக்குகள் கொண்ட ஒரு பொய்ச் சங்கிலி உருவாகிக் கலைந்தது. மறுநாள் இன்னொன்று.

கணிப்புத் திறனில் ஏறக்குறைய பாதி, தனக்கு வரும் பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமலே அடுத்ததைத் தோண்டத் தொடங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது அம்பலமானது. சரிபார்க்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகள் காசு. ஆகவே பிளாக்கின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். 'விதியை அமல்படுத்துவோம்' என்று முத்திரை குத்தியவர்கள் அதை அமல்படுத்தவில்லை. மைனர்களுக்கு 50,000 டாலருக்கு மேல் நட்டம். முழுச் சரிபார்ப்பு செய்யாத பணப்பைகளைப் பயன்படுத்துகிறவர்கள், வழக்கத்தைவிடக் கூடுதலாக 30 பிளாக்குகள் காத்திருக்கும்படி எச்சரிக்கப்பட்டார்கள்.

அந்தக் கையொப்ப விதிக்குப் பின்னால் ஒரு ரகசியமும் இருந்தது. பிட்காயின் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகம், சில விசித்திரமான கையொப்பங்களை ஒருவகைக் கணினியில் செல்லும் என்றும் வேறுவகைக் கணினியில் செல்லாது என்றும் சொல்லக்கூடியதாக இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால், வேண்டுமென்றே அப்படி ஒரு கையொப்பத்தை அனுப்பி எவரும் சங்கிலியைப் பிளக்கலாம். ஆகவே 'ஒழுங்குபடுத்துகிறோம்' என்று மட்டும் சொல்லி விதியைக் கொண்டுவந்தார்கள். அது அமலாகிச் சில வாரங்கள் கழித்து, ஜூலை இறுதியில்தான் முழுக் காரணத்தையும் வூலே வெளியிட்டார். எல்லாம் வெளிப்படையாக நடப்பதாகப் பெருமைப்படும் ஒரு சமூகம், ஒரு பிளவைத் தவிர்ப்பதற்காகக் காரணத்தை மறைத்து விதியை மாற்றியது. வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நெருடாமல் இல்லை.

அடுத்த மாற்றம்தான் பெரியது. பெயர் செக்விட்.

பிட்காயின் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணைக் கணக்கிடும்போது கையொப்பமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வம்பு அங்கேதான். கையொப்பத்தின் பொருள் மாறாமல் வடிவத்தை மட்டும் யாராவது வழியில் லேசாகத் திருகிவிட்டால், பணம் அதேதான், போகிற இடமும் அதேதான், ஆனால் அடையாள எண் மாறிவிடும். ஒரு பரிவர்த்தனையை நம்பி இன்னொன்றை முன்கூட்டியே எழுதிவைக்கும், லைட்னிங் என்ற பணப்பரிமாற்ற வலையமைப்பு போன்ற திட்டங்களுக்கு இது மரண அடி. கையொப்பங்களைப் பரிவர்த்தனையின் உடலிலிருந்து பிரித்துத் தனியே வைத்துவிட்டால் தீரும். ஆனால் அது அடிப்படை அமைப்பையே மாற்றுவது. ஹார்ட் ஃபோர்க் இல்லாமல் முடியாது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள்.

சாஃப்ட் ஃபோர்க்காகவே செய்யலாம் என்று வழி காட்டியவர் மென்பொருளாளர் லூக் டாஷ்ஜர். 2015 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த மாநாட்டில் வூலே அதை விளக்கினார். புதிய வகைப் பூட்டில் ஒரு பதிப்பு எண்ணும் ஒரு ஹாஷும் மட்டுமே இருக்கும். பழைய கணினி அதைப் பார்த்தால் 'கையொப்பமே தேவையில்லை, எவரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று புரிந்துகொள்ளும். கையொப்பங்கள் தனிப் பொட்டலமாக, புதிய கணினிகளுக்கு மட்டும் அனுப்பப்படும். அந்தப் பொட்டலம் கலப்படமாகாமலிருக்க அதன் ஹாஷை பிளாக்கின் முதல் பரிவர்த்தனைக்குள் பொதிந்துவைப்பார்கள். பழைய கணினிக்கு அதுவும் பொருளற்ற சில பைட்டுகள்.

கூடவே ஒரு போனஸ். 1 மெகாபைட் வரம்பைப் பழைய கணினி அளக்கும்போது அந்தப் பொட்டலம் அதன் கண்ணில் படாது. புதிய விதிப்படி அளவுக்குப் பதில் 'எடை' கணக்கிடப்படும்: சாதாரண பைட்டுக்கு 4, கையொப்பப் பொட்டலத்தின் பைட்டுக்கு 1, மொத்தம் 40 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஆக, பிளாக்கின் கொள்ளளவு உண்மையில் கூடிவிட்டது. பழைய கணினியின் கணக்கில் மட்டும் அது 1 மெகாபைட்டுக்குள்ளேயே இருக்கிறது. தளர்த்துவது சாத்தியமில்லை என்ற இடத்தில், இறுக்கத்தைக் கொண்டே தளர்த்தியிருந்தார்கள். இதைச் சாமர்த்தியம் என்பவர்களும் உண்டு, ஏமாற்று வேலை என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே செயலைத்தான் விவரிக்கின்றன.

மென்பொருள் 2016 அக்டோபரில் தயாரானது. எண்ணும் முறையும் திருத்தப்பட்டிருந்தது. 2,016 பிளாக்குகள் கொண்ட ஒரு சுற்றில், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்தில், 95 விழுக்காடு பிளாக்குகள் 'தயார்' என்று சைகை காட்ட வேண்டும். 2017 நவம்பர் வரை கெடு. முந்தைய மாற்றங்களில் சைகை மளமளவென்று ஏறியிருந்தது. இந்த முறை மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே நின்றுவிட்டது.

மைனர்களில் பலர், முதலில் பிளாக்கின் அளவை நேரடியாகப் பெரிதாக்குங்கள் என்றார்கள். 'தயாரா?' என்று கேட்க வைத்த சைகையை அவர்கள் 'சம்மதமா?' என்ற கேள்விக்கு விடையாகப் பயன்படுத்தினார்கள். 95 விழுக்காடு என்ற எல்லை பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. நடைமுறையில் 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானவர்களின் கையில் அது தடுப்பு அதிகாரத்தைக் கொடுத்தது. 2017 ஏப்ரலில் பிட்காயின் மென்பொருளாளர் கிரெகரி மேக்ஸ்வெல் இன்னொரு திரியையும் கொளுத்தினார். மைனிங் இயந்திரங்களின் வேகத்தை மறைமுகமாகக் கூட்டும் ஏசிக்பூஸ்ட் என்ற உத்தி செக்விட் வந்தால் வேலை செய்யாது என்றும், ஒரு நிறுவனத்தின் இயந்திரச் சில்லுகளில் அந்த உத்தி இருப்பதாகவும் எழுதினார். சந்தேகக் கண்கள் மைனிங் இயந்திரங்களைத் தயாரிக்கும் பிட்மெயின் பக்கம் திரும்பின. அதை நடைமுறையில் பயன்படுத்தவில்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது.

ஷாவோலின்ஃப்ரை என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் வேறு பாதையைக் காட்டினார். மைனர்களை எதற்குக் கேட்க வேண்டும்? ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டுக்குச் சைகை காட்டாத எந்த பிளாக்கையும் எங்கள் கணினிகள் ஏற்காது என்று பயனாளர்களே அறிவித்துவிட்டால்? காசை வாங்க ஆளில்லாத சங்கிலியைத் தோண்டி மைனர் என்ன செய்வார்? இந்தத் திட்டத்தின் பெயரைப் பொறித்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு மாநாடுகளுக்கு வந்தார்கள். பயனாளர்களில் எத்தனை பேர் உண்மையில் பின்னால் நின்றார்கள் என்பதை அளக்க வழியில்லை. ஒருவரே ஆயிரம் கணினிகளை இயக்கலாம். அளக்க முடியாததுதான் அந்த மிரட்டலின் பலமும்கூட. ஆகஸ்ட் 1 அன்று சங்கிலி உடையலாம் என்ற பயம் எல்லாரையும் பிடித்தது.

அதற்குள் மே 23 அன்று நியூயார்க்கில் ஓர் உடன்பாடு. பேரி சில்பர்ட்டின் டிஜிட்டல் கரன்சி குரூப் முன்னின்று நடத்தியது. 58 நிறுவனங்கள் கையெழுத்திட்டன. கணிப்புத் திறனில் 83 விழுக்காடு அவற்றின் பின்னால் இருந்தது. முதலில் செக்விட், பிறகு ஹார்ட் ஃபோர்க் மூலம் 2 மெகாபைட் என்பது பேரம். ஆனால் அந்த உடன்பாட்டின் சைகை முறையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சைகை முறையும் ஒத்துப்போகவில்லை. ஜேம்ஸ் ஹில்லியர்ட் என்ற பொறியாளர் எழுதிய ஒரு குட்டித் திட்டம் அதற்குப் பாலம் போட்டது. 336 பிளாக்குகளில் 80 விழுக்காடு சம்மதம் வந்தால் போதும்; அதன்பின் செக்விட்டுக்குச் சைகை காட்டாத பிளாக்குகள் செல்லாது. ஒரு சாஃப்ட் ஃபோர்க்கை வற்புறுத்துவதற்கு இன்னொரு சாஃப்ட் ஃபோர்க்! ஜூலை 23 அன்று அது அமலுக்கு வந்தது; ஆகஸ்ட் 1 வரக் கிட்டத்தட்ட ஒரு வாரமே இருந்தது. பிறகு 95 விழுக்காடு தானாகவே நிறைந்தது. செக்விட் ஆகஸ்ட் 24 அன்று, 481,824-ஆவது பிளாக்கில் உயிர்பெற்றது.

அப்படியானால் பிளவே நடக்கவில்லையா? நடந்தது. ஆகஸ்ட் 1 அன்று, 478,558-ஆவது பிளாக்கோடு ஒரு கூட்டம் விலகிப் போனது. அதுதான் பிட்காயின் கேஷ். அவர்கள் 8 மெகாபைட் பிளாக்கை அனுமதித்தார்கள். முதல் பிளாக் 1 மெகாபைட்டைவிடப் பெரியதாகவே இருக்க வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். தற்செயலாகக்கூட இரண்டு சங்கிலிகளும் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்ற ஏற்பாடு அது. செக்விட்டைக் கொண்டுவந்த சாஃப்ட் ஃபோர்க்கால் சங்கிலி உடையவில்லை. அதை ஏற்காதவர்கள் தாங்களாகவே ஹார்ட் ஃபோர்க் செய்து வெளியேறினார்கள். தொழில்நுட்பக் கணக்கில் இது துல்லியமான விளக்கம். குடும்பம் பிரியவில்லை, ஒரு பங்காளி மட்டும் போய்விட்டார் என்று சொல்வதிலுள்ள சமாளிப்பும் இதில் இருக்கிறது. போனவர்கள் 2018 நவம்பரிலும் 2020 நவம்பரிலும் தங்களுக்குள் மறுபடி பிரிந்தார்கள். நியூயார்க் பேரத்தின் இரண்டாம் பாதியான 2 மெகாபைட் ஹார்ட் ஃபோர்க்கோ, போதிய ஒற்றுமை இல்லை என்று 2017 நவம்பர் 8 அன்று கைவிடப்பட்டது.

'எவரும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற பயம் உண்மையானதா என்பதற்கும் அந்தக் காலம் இரண்டு விடைகளைத் தந்தது. பிட்காயினுக்கு முன்பே, 2017 மே மாதம், பிட்காயினின் நிரலிலிருந்து கிளைத்த லைட்காயின் என்ற நாணயம் செக்விட்டை அமல்படுத்தியது. யாரோ ஒருவர் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் மதிப்புள்ள லைட்காயினை செக்விட் முகவரியில் போட்டு, முடிந்தால் எடுங்கள் என்று சவால் விட்டார். எவராலும் எடுக்க முடியவில்லை. செக்விட் விதியே இல்லாத பிட்காயின் கேஷில் நேர்மாறு. தவறுதலாக செக்விட் வகை முகவரிகளுக்கு அனுப்பப்பட்ட காசுகள் அங்கே உண்மையிலேயே காவலின்றிக் கிடந்தன. 2019 மே மாதம் அடையாளம் தெரியாத மைனர் ஒருவர் அவற்றை அள்ளப் பார்த்தபோது, இரண்டு பெரிய மைனிங் குழுக்கள் சேர்ந்து இரண்டு பிளாக்குகளை அழித்துத் தடுத்தன. ஒரே வகைப் பூட்டு ஒரு சங்கிலியில் இரும்பு, இன்னொன்றில் காகிதம்.

2017-இன் காயம் ஆறாததால், கையொப்ப முறையையும் பூட்டு நிபந்தனைகளையும் மேம்படுத்தும் அடுத்த பெரிய மாற்றமான டேப்ரூட்டில் நிரல் எழுதுவதைவிட அமல்படுத்தும் முறை பற்றிய வாக்குவாதமே காரசாரமாக இருந்தது. கெடு முடிந்தும் மைனர்கள் சைகை காட்டாவிட்டால் விதி தானாக அமலாக வேண்டுமா, காலாவதியாக வேண்டுமா? மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் விடை சொல்லாமல் கேள்வியைத் தள்ளிவைக்கும் ஓர் உபாயம் கண்டார்கள். மூன்று மாதம் மட்டும் முயன்று பார்ப்பது. 95-க்குப் பதில் 90 விழுக்காடு போதும். கிடைக்காவிட்டால் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். 2021 ஜூன் 12 அன்று எல்லை எட்டப்பட்டது. உடனே தொடங்காமல் எல்லாரும் மென்பொருளை மாற்ற அவகாசம் தந்து, நவம்பர் 14 அன்று 709,632-ஆவது பிளாக்கில் அமலாக்கினார்கள். டேப்ரூட்டை எதிர்த்தவர்கள் அனேகமாக இல்லை. ஆகவே முறை வென்றதா, பொருள் வென்றதா என்று சொல்வதற்கில்லை.

மற்றொரு பெரிய சங்கிலியான எத்தீரியம் வேறு மரபை வளர்த்துக்கொண்டது. அங்கே நாள் குறித்து ஹார்ட் ஃபோர்க் செய்வது வழக்கம், மாறாதவர்கள் பின்தங்குவார்கள். போதாக்குறைக்கு, காலப்போக்கில் மைனிங்கைத் தாங்க முடியாத அளவுக்குக் கடினமாக்கும் ஒரு வெடிகுண்டையும் நிரலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், பழைய பதிப்பிலேயே யாரும் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காக. 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே ஒழித்துக்கட்டியது அப்படியொரு ஹார்ட் ஃபோர்க். இந்த மரபுக்கும் விலை உண்டு. 2016-இல் டிஏஓ என்ற முதலீட்டு நிதியில் நடந்த திருட்டைச் சரிக்கட்ட 1,920,000-ஆவது பிளாக்கில் செய்த மாற்றத்தை ஏற்காதவர்கள், எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் பழைய சங்கிலியை இன்னமும் ஓட்டுகிறார்கள்.

எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின் 2017-இல் ஒரு கட்டுரையில் சாஃப்ட் ஃபோர்க்கை நோக்கி வைத்த குற்றச்சாட்டைப் பிட்காயின் தரப்பு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஹார்ட் ஃபோர்க்கில் பிடிக்காதவர் பழைய விதியோடு தங்கிவிடலாம், அவரை யாரும் இழுக்க முடியாது. சாஃப்ட் ஃபோர்க்கில் பெரும்பான்மை மாறினால் அவரும் மாறியவராகிவிடுகிறார், கேட்காமலே. விலக வேண்டுமென்றால் அவர்தான் மெனக்கெட்டு ஹார்ட் ஃபோர்க் செய்ய வேண்டும். பழைய கணினியை உடையாமல் வைத்திருக்கும் மரியாதையும், அதன் உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்காமல் விடும் அலட்சியமும் இங்கே பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கின்றன.

இந்தக் குற்றச்சாட்டுக்கு வருங்காலத்தில் ஒரு கடுமையான சோதனை காத்திருக்கிறது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று உருவானால், வெளியே தெரிந்துவிட்ட பொதுச் சாவியிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடும். பிட்காயினின் முதல் ஆண்டுகளில் பொதுச் சாவி நேரடியாகவே சங்கிலியில் எழுதப்பட்டது. சதோஷியுடையவை என்று கருதப்படும் ஏறக்குறைய 10 லட்சம் பிட்காயின்களும் அந்த வகை. குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் புதிய முகவரி வகையைச் சேர்ப்பது பழகிப்போன வேலை. செக்விட் போட்ட தடத்திலேயே செய்யலாம். பழையவற்றை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். 2025 ஜூலையில் ஜேம்சன் லாப் உள்ளிட்ட சிலர் ஒரு வரைவை முன்வைத்தார்கள். முதலில் பழைய வகை முகவரிகளுக்குப் பணம் அனுப்புவது தடை செய்யப்படும். சில ஆண்டுகள் கழித்துப் பழைய வகைக் கையொப்பங்களே செல்லாதவையாகும். அதற்குள் இடம்மாற்றாத காசு உறைந்துவிடும்.

இலக்கணப்படி இதைவிடச் சுத்தமான சாஃப்ட் ஃபோர்க் இருக்க முடியாது: நேற்று அனுமதிக்கப்பட்டிருந்த ஒன்று நாளை தடை, அவ்வளவே. பழைய கணினிகள் எல்லாம் தொடர்ந்து ஓடும், சங்கிலி ஒன்றாகவே இருக்கும். சாவியைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளர் மட்டும் தன் பணத்தை எடுக்க முடியாது. இதைப் பறிமுதல் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். செய்யாவிட்டால் முதல் குவாண்டம் திருடன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சந்தையில் கொட்டுவான் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். மைனர்கள் சைகை காட்ட 90 விழுக்காடா, 95 விழுக்காடா என்ற பழைய சர்ச்சை இந்த வரைவைப் பொறுத்தவரை இன்னும் தொடங்கவே இல்லை.